கை வாசம்

இப்படி வாருங்கள் தம்பி, இங்கே உட்காருங்கள். சீக்கிரம். பையை என் மடியில் வையுங்கள், பரவாயில்லை. அந்த அம்மாள் முன்னால் ஏறட்டும், பெண்கள் பக்கம் இடம் கிடக்கிறது. அவள் இந்தப் பக்கம் வந்து நின்றுவிடக் கூடாதே என்றுதான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். தப்பாக நினைக்காதீர்கள்.

பச்சைச் சேலை. கையில் துணிப்பை. பார்த்தீர்களா, திரும்பவில்லை. கோர்ட் வாசலில் அரைமணி நேரம் நின்றோம், நான் வேப்பமரத்தடியில், அவள் டைப் அடிக்கிற கடை ஓரத்தில். அப்போதும் திரும்பவில்லை. மாராயி என்று பேர். அவள் மகன் பூபதிக்கு இன்றைக்கு ஆறு மாதம் போட்டுவிட்டார்கள். அவனுக்கு ஜாமீன் நின்றவன் நான். ஒன்பது மாதம் என் பொறுப்பில் இருந்தான். ஜாமீன் நின்றவனைப் பார்த்து ஒரு கும்பிடு, வேண்டாம், ஒரு தலையசைப்பு. அதுகூட இல்லை என்றால் மனிதனுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

நான் எங்கள் ஊர்ப் பால் சங்கத்துச் செயலாளர். இருபத்திரண்டு வருஷம். ஒரு கரும்புள்ளி கிடையாது. நல்லசாமி என்றால் ஒன்றியத்தில் எல்லாருக்கும் தெரியும்.

போன வருஷம் எங்கள் பக்கம் கேபிள் திருட்டு. போர் மோட்டாருக்கு ஓடுகிற கேபிள் இருக்கிறதே, அதை வெட்டிக்கொண்டு போய், மேலே இருக்கிற ரப்பரை எரித்து, உள்ளே இருக்கிற செம்பை எடைக்குப் போட்டுவிடுவார்கள். மூன்று பையன்கள். பெரியவர்கள் இரண்டு பேர் உள்ளே புகுந்து வெட்டினார்கள், இவன் ரோட்டில் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்தான். அவர்கள் ஓடிவிட்டார்கள். இவன் அகப்பட்டான். ஓடத் தெரியவில்லை அவனுக்கு, அப்போது. வயது பத்தொன்பது. முதல் குற்றம். அதனால் நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பாமல் இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்.

அதற்கென்று ஓர் அலுவலர் இருக்கிறார்கள், பானுரேகா என்று. ஸ்கூட்டரில் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார்கள். உள்ளே தள்ளினால் பையன் கெட்டுப்போவான் ஐயா, ஊருக்குள்ளேயே வைத்துத்தான் திருத்த வேண்டும், அதற்கு ஊரில் மதிப்புள்ள ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும் என்றார்கள். காலையும் மாலையும் சங்கத்தில் வேலை. மாதம் ஒரு திங்கட்கிழமை அவர்கள் ஆபீசில் போய்க் கையெழுத்து. சொல்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. மாதா மாதம் அவன் நடத்தையைப் பற்றி நான் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் வேறு யார் ஒத்துக்கொள்வார்கள்? கேபிள் பறிகொடுத்தவர்கள்தான் பாதிப் பேர். நான் ஒத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாதமும் 'நன்று' என்று எழுதினேன். ஒரு தடவை 'மிக நன்று' என்றே எழுதிவிட்டேன். பிறகு தலைக்கனம் வந்துவிடும் என்று 'மிக'வை அடித்தேன்.

நான் அவனை எப்படி வைத்திருந்தேன் என்று நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். அவர்கள் தெருப் பையன் எவனும் சங்கத்துப் படி ஏறினதில்லை. இவனை ஏற்றினேன். டீ வந்தால் அவனுக்கும் டீ. அவனுக்கென்று தனியாக ஒரு டம்ளர், புதுசு, எவர்சில்வர், அடியில் பேர்கூட வெட்டிக் கொடுத்தேன். எனக்குக்கூடப் பேர் வெட்டின டம்ளர் கிடையாது. பால் ஊற்ற வருகிறவர்கள் முணுமுணுத்தார்கள், அவன் அளவையைத் தொடுகிறானே என்று. சரி, தொட வேண்டாம், கேன் கழுவட்டும் என்று மாற்றினேன். அவன் கழுவின கேனை நான் ஒரு தரம் தண்ணீர் விட்டு அலசிவிடுவேன். எல்லாக் கேனையும் அலசுவதுதான். இல்லை, மற்றவர்கள் கழுவினால் அலசுவதில்லை. அது ஊற்றுகிறவர்கள் கண்ணுக்காக. அவனுக்காகத்தான், ஒரு வகையில்.

சொல்லக் கூடாது, வேலைக்காரன். வாயும் உண்டு. டேங்கர் லாரி டிரைவர் அவனைப் பார்த்தால், "என்ன ஜட்ஜய்யா, இன்னைக்கு என்ன தீர்ப்பு" என்பான். இவன் கேனைத் தூக்கிக்கொண்டே, "பாலுக்குத் தண்ணி ஜாமீன் நிக்குதுங்கண்ணா" என்பான். டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நானும் சிரிப்பேன். அப்புறம் வீட்டில் போய் யோசித்துப் பார்த்தேன், அதில் என்னை ஏதாவது குத்துகிறானா என்று. தெரியவில்லை. மறுநாள் டிரைவரிடம் அதிகம் பேசாதே என்று சொல்லிவைத்தேன்.

இரண்டு மாதம் போயிற்று. மறுபடியும் கேபிள் திருட்டு. கிட்டுசாமி தோட்டத்தில். காலையில் பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் பேசிக்கொண்டே அவனைப் பார்க்கிறார்கள். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல விடுவேனா? முந்திக்கொண்டேன். எப்போதும் நாம் முந்திக்கொள்ள வேண்டும் தம்பி. அவனை வண்டியில் உட்கார வைத்து நேராகக் கிட்டுசாமி தோட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் சொன்னேன், அங்கே நீ வாயைத் திறக்காதே, ஏதாவது ஏறுக்கு மாறாகச் சொல்லித் தொலைப்பாய், நான் பேசிக்கொள்கிறேன் என்று. பத்துப் பேர் நின்றார்கள். அவர்கள் நடுவில் அவனை நிறுத்தி, கையை நீட்டச் சொன்னேன்.

உங்களுக்குத் தெரியாதே, கேபிள் ரப்பரை எரித்தவன் கையில் அந்த வாசம் லேசில் போகாது. சோப்பு, சாம்பல், மண்ணெண்ணெய், எது போட்டாலும் ரெண்டு நாளைக்கு நிற்கும். நகக்கண்ணில் நிற்கும். மோந்து பாருங்கள் என்றேன். கிட்டுசாமி குனிந்து மோந்து பார்த்தார். "பால் வாசந்தான் அடிக்குது" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோர்ட்டில் எத்தனை காகிதம் கொடுத்தாலும் இதற்கு ஈடாகுமா? திரும்பி வரும்போது, பார்த்தாயா, உன் பேரைக் காப்பாற்றிவிட்டேன் என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் பதில் சொல்லவில்லை. வாயைத் திறக்காதே என்று நான்தானே சொல்லியிருந்தேன், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கே எது போனாலும் எனக்கு முதலில் போன் வரும். நல்லசாமியண்ணா, பையனைக் கூட்டிட்டு வாங்க. கூட்டிக்கொண்டு போவேன். நீட்டச் சொல்வேன். மோப்பார்கள். பால் வாசம். அவ்வளவுதான், ஐந்து நிமிஷம். ஒரு தடவை ஒருவர் வீட்டில் கோழி காணோம், அதற்கும் கூப்பிட்டார்கள். கோழி திருடினவன் கையில் என்ன வாசம் வரும் என்று நான் கேட்கவில்லை. போனோம், நீட்டினான், மோந்தார்கள். பிறகு பிறகு நான் சொல்லவே வேண்டாம், வண்டியை விட்டு இறங்கும்போதே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இறங்குவான். அவ்வளவு தூரம் பழகிவிட்டான். பத்துத் தடவை. பத்துத் தடவையும் சுத்தம். இந்த ஊரில் வேறு யாருக்காவது அப்படி ஒரு அத்தாட்சி உண்டா?

பானுரேகா அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்லி இதைச் செய்றீங்க என்று கேட்டார்கள், கொஞ்சம் காரமாக. ஊரில் நம்பிக்கை வர வேண்டுமில்லையா அம்மா என்றேன். உடனே நிறுத்துங்க என்றார்கள். சரி என்றேன். அவர்கள் டவுனில் இருக்கிறவர்கள். மாதத்துக்கு ஒரு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஊரைப் பற்றி என்ன தெரியும்?

இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே, இவளும் வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. "சாமி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இந்தக் கை மோக்கறத மட்டும் வுட்டுருங்க. பையன் அந்தக் கையில சோறு திங்கறதில்லீங்க. ஸ்பூன் கேக்கறான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பூனில் தின்றால் நல்லதுதானே, பெரிய மனிதர்கள் எல்லாம் ஸ்பூனில்தானே தின்கிறார்கள் என்றேன். என் வீட்டில் இருந்தே ஒரு ஸ்பூன் எடுத்துக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டுதான் போனாள். இன்றைக்குத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

டிக்கெட் வாங்கிவிட்டீர்களா? சரி சரி. நான் ஏறும்போதே வாங்கிவிட்டேன்.

கார்த்திகை மாதம், பொங்கியண்ணன் தோட்டம். முந்நூறு அடி கேபிள் போய்விட்டது. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரம், மனிதன் வெறிபிடித்த மாதிரி நிற்கிறார். பதினைந்து பேர் இருப்பார்கள். வழக்கம் போலக் கூட்டிக்கொண்டு போனேன். வழக்கம் போல நீட்டிக்கொண்டு இறங்கினான். பொங்கியண்ணன் மகன் மோந்தான். நிமிர்ந்தான். மறுபடியும் மோந்தான். என்னைப் பார்த்து, "நீங்களே பாருங்க" என்றான்.

நான் அதுவரை ஒரு தடவையும் மோந்து பார்த்ததில்லை. எனக்கு எதற்கு, எனக்கு அவன்மேல் நம்பிக்கை உண்டே. அன்றைக்குத்தான் குனிந்தேன். கருகின ரப்பர் வாசம். சந்தேகமே இல்லை.

அவன் என்னைப் பார்த்து, "நேத்துச் சாயங்காலம் நீங்கதானுங்களே..." என்று ஆரம்பித்தான். வாயை மூடு, நான் பேசிக்கிறேன் என்றேன். பெரியவர்கள் நிற்கிற இடம், கோபத்தில் இருக்கிறார்கள், இவன் எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும்? அவனைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அவனும் மூடிக்கொண்டான். நான் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க நேரம் வேண்டாமா? அதற்குள் பொங்கியண்ணன் மகன் அறைந்துவிட்டான். ஒன்று, இரண்டு, மூன்றாவது அறைக்குப் பையன் கீழே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடி என்னையே பார்த்தான். நான் அப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். கையை உதறிக்கொண்டு எழுந்தான், மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்து ஓடிப்போனான்.

நான் சங்கத்துக்குத் திரும்பி வந்து, பத்து மணி இருக்கும், பின்பக்கம் போனேன். அங்கே ஒரு குழி. குழியில் பாதி எரிந்த வாஷர்கள். கேன் மூடிக்குப் போடுகிற ரப்பர் வாஷர், பால் லாரிக்கு மாட்டுகிற பழைய ஹோஸ், எல்லாம் ஒரு மூலையில் கிடந்து புளித்த நாற்றம், நாய்கள் வந்து இழுக்கின்றன என்று முந்தின நாள் சாயங்காலம் நான்தான் அவனிடம் எரிக்கச் சொல்லியிருந்தேன். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பத்து மணிக்கு. தோட்டத்தில் நிற்கும்போது ஞாபகம் இல்லை. இல்லை என்றால் இல்லைதான், எனக்குப் பொய் சொல்ல வராது. அவன் ஆரம்பித்தானே, அப்போது லேசாக ஏதோ வந்தது. முழுசாக வரவில்லை.

மண்வெட்டியை எடுத்து அந்தக் குழியை மூடினேன்.

பொங்கியண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அடித்து முடித்த பிறகு போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்? பையனைத் தப்பிக்க வைக்க நல்லசாமி கதை கட்டுகிறான் என்பார். அதோடு பால் வைக்கிற இடத்தில் ரப்பர் எரிப்பது பெரிய தப்பு. மாவட்டத்துப் பால் ஒன்றியத்துக்குத் தெரிந்தால் ஆய்வுக்கு வருவார்கள், கூலரை சீல் வைப்பார்கள், நூற்றுப் பதினேழு பேர் பால் ஊற்றுகிற சங்கம். ஒரு பையனுக்காக நூற்றுப் பதினேழு பேர் வயிற்றில் அடிக்கிறதா? நான் அப்படித்தான் யோசித்தேன். என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பதினேழு நாள் ஆள் இல்லை. திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில் மூட்டை தூக்கியிருக்கிறான். அந்த மாதத்துத் திங்கட்கிழமைக் கையெழுத்துத் தவறிப்போய்விட்டது. ஊரைவிட்டுச் சொல்லாமல் போனதும் தப்பு. பிறகு தானாகவே பானுரேகா அம்மா ஆபீசில் போய், கையெழுத்துப் போட வந்திருக்கேன் என்று நின்றிருக்கிறான். ஒன்பது நாள் தாமதம். அதற்குள் ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போய்விட்டது. இதற்கு நடுவில் இன்னும் இரண்டு தோட்டத்தில் கேபிள் போயிற்று, அவன் திருப்பூரில் இருக்கும்போதே. யார் கையை மோப்பது என்று தெரியாமல் எல்லாரும் சும்மா நின்றார்கள்.

இன்றைக்குக் காலையில் கோர்ட் வராந்தாவில் பானுரேகா அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஐயா, அவன் ஏன் ஓடினான்னு நடந்தத நடந்தபடி சொல்லுங்க. தொடர்ந்து பொறுப்பு ஏத்துக்கறேன்னு சொல்லுங்க. எச்சரிச்சு விட்டுருவாங்க. இல்லேன்னா இன்னைக்கே உள்ள போயிருவான். உங்க வாயிலதான் இருக்கு" என்றார்கள். ஆகட்டும் அம்மா என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

உள்ளே போனால் பின்பெஞ்சில் பொங்கியண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதற்கு வந்தார் என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒன்றியத்து ஆள் மாதிரி ஒருவர். மாதிரிதான், அவர் வேறு யாரோ, பிறகு தெரிந்தது. நீதிபதி நல்ல மனிதர், சின்ன வயது. பொறுமையாகக் கேட்டார். இவன் ஊரைவிட்டு ஓடுகிற அளவுக்கு அன்றைக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

நான் சொன்னேன், "அப்படி ஒன்னும் நடக்கலீங்க ஐயா. வழக்கம் போலத்தானுங்க."

அதில் பொய் ஏதாவது இருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள். வழக்கம் போலத்தானே நடந்தது. கையை மோந்து பார்த்தது வழக்கம். பதினோராவது தடவை. எரித்தது எதை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இனியும் இவனுக்குப் பொறுப்பு ஏற்கிறீர்களா என்று கேட்டார். பொங்கியண்ணன் பின்னால் இருமினார். எனக்கு வயதாகிவிட்டதுங்க, முடியாதுங்க என்றேன். அறுபத்தொன்று நடக்கிறது எனக்கு. அதுவும் பொய் இல்லை.

பிறகு அவனைப் பார்த்து, "நீ ஏதாவது சொல்றியாப்பா" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் தலையை லேசாக ஆட்டினேன், வேண்டாம் என்கிற மாதிரி. வேறு எதுவும் நினைத்து ஆட்டவில்லை தம்பி. ஒன்பது மாதப் பழக்கம். எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் அப்படித்தான் ஆட்டுவேன், பேசாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. தலை தானாக ஆடிவிட்டது.

"ஒன்னுமில்லீங்க" என்றான்.

அவ்வளவுதான். ஆறு மாதம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவனாவது சொல்லியிருக்கலாமில்லையா? வாய் இல்லாதவனா அவன்? லாரி டிரைவரிடம் அத்தனை பேசுவான். நீதிபதியே கேட்கிறார், சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, ரப்பர் வாஷர் எரித்தேன், இவர் எரிக்கச் சொன்னார் என்று. சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். அநேகமாக மறுத்திருக்க மாட்டேன். சொல்லாமல் இருந்துவிட்டு, பழியை என் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறான். பானுரேகா அம்மா ஃபைலை மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள், மனிதன் நிற்பதே தெரியாத மாதிரி. காலையில் ஐயா ஐயா என்று கூப்பிட்டவர்கள். யார் பையனோ ஒருவனுக்காக ஒன்பது மாதம் என் வேலையைப் போட்டுவிட்டு அலைந்தவன் நான். வெயிலில் இந்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றேன். வேண்டாம் தம்பி, இந்தக் காலத்தில் யாருக்கும் நல்லது செய்யப் போக வேண்டாம். நீங்கள் சின்ன வயது, அதனால் சொல்கிறேன்.

எதற்கு பஸ்ஸை நிறுத்துகிறான்? ஓ, கிளைச்சிறை ஸ்டாப்பா. அவள் இறங்குகிறாள் பாருங்கள். பையில் அவனுக்கு மாற்றுச் சட்டை வைத்திருப்பாள். இப்போது போனால் விட மாட்டார்கள், மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதுகூடத் தெரியாது அவளுக்கு. இறங்கினவள் ரோட்டைத் தாண்ட வேண்டியதுதானே. பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் எதற்கு வருகிறாள்? ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். மனு எழுத யாரையாவது தேடுகிறாளோ என்னவோ.

புழுதி வருகிறது. இருங்கள், இந்தக் கண்ணாடியைச் சாத்திவிடுகிறேன். இறுகிக் கிடக்கிறது. நீங்களும் அந்தப் பக்கம் ஒரு கை பிடியுங்கள். ம், தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்.